லோஞ்சில் இரண்டு பிள்ளைகள்

"புள்ளைக்குப் பாலக் குடு தங்கச்சி! லோஞ்சிட ஹோர்ன் பழுதாப் போனா இவவ வெச்சே ஊதலாம் போல" என்றார் அந்த மோட்டார்ப் படகில் டிக்கட் கொடுக்கும் அலியார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

வீறிட்டழும் குழந்தையை மடியில் வைத்திருந்த நஜ்முன் நிஸாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அலியார் நானா, பால் இருந்தாக் குடுக்கமாட்டனா? லோஞ்சு ஏறுற ஜெட்டியில சனம் இடிச்சதில பால் போத்தல் விழுந்து உடைஞ்சிட்டு."

"பெத்தவ எங்க?"

"ஆஸ்பத்திரியில. என்ட தங்கச்சி றஹ்மா. காய்ச்சல் கூடிட்டு. தாய்ப்பால் குடுக்கப்படாது, புள்ளய ஊட்டுக்குக் கொண்டு போங்க எண்டுட்டாங்க. பிறந்து ஒம்பது நாள்தான்."

லோஞ்சு திருகோணமலையை விட்டுக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. மூதூருக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. லோஞ்சைத் திருப்பச் சொல்லி அலியாரிடம் கேட்கவும் ஏலாது. காலையில் ஓர் ஆட்டையும் இரண்டு கருவாட்டுச் சாக்கையும் ஏற்ற மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்று இறக்கிவிட்ட மனிதர் அவர்.

யாரோ சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார்கள். நிஸா விரலை நனைத்து வாயில் வைத்தாள். குழந்தை துப்பியது. பிறகு அழுகை மெலிந்து, பூனைக்குட்டியின் முனகல் போலாகி, அதுவும் விட்டு விட்டு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறவளுக்கு என்ன பதில் சொல்வது?

"அக்கா, பிள்ளையை இஞ்ச தாங்கோ."

எதிர்ப் பலகையில் இருந்த பெண்தான் கேட்டாள். இருபது வயதிருக்கும். மடியில், துவாயால் சுற்றிய ஒரு கைக்குழந்தை. பக்கத்தில் அவள் புருஷன்.

"என்னட்டப் பால் இருக்கு. கட்டிப்போய் நோகுது" என்றாள். சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

"உங்கட புள்ளைக்கு?"

"மகன் நித்திரை. எழும்பமாட்டார். நீங்கள் தாங்கோ."

நிஸா ஒரு கணம் தயங்கினாள். பால் கொடுத்தவள் தாய்க்குச் சமம். அந்த உறவை யாராலும் அழிக்க ஏலாது. றஹ்மாவிடம் ஒரு வார்த்தை கேளாமல் செய்கிற காரியமா? ஆனால் அவளுடைய விரலைப் பிடித்திருந்த குழந்தையின் கை தளர்ந்து விழுந்தது. கொடுத்துவிட்டாள்.

அந்தப் பெண் தன் பிள்ளையைப் புருஷனிடம் மாற்றினாள்.

"தாங்க தம்பி, நான் வெச்சிருக்கன்" என்று நிஸா கையை நீட்டினாள்.

"வேண்டாமக்கா!" அவன் வெடுக்கென்று பிள்ளையைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டான்.

நிஸாவுக்குச் சுருக்கென்றது. நான் தொட்டால் ஒட்டிக்கொள்ளுமோ? ஆனால் சேலைத் தலைப்புக்குள்ளிருந்து குழந்தை சப்புக்கொட்டும் சத்தம் கேட்டதும், வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

குழந்தை ஒரு பக்கம் குடித்து முடித்து மறுபக்கமும் குடித்தது. அந்தப் பெண் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"என்ன தங்கச்சி, நோகுதா?"

"ஓம் அக்கா. கொஞ்சம்."

பேர் கமலேஸ்வரி என்றாள். புருஷன் கதிராமன். மூதூரில் இறங்கி, பஸ் பிடித்து இலங்கைத்துறைக்குப் போக வேண்டுமாம்.

"நீங்க ஆரோ, நான் ஆரோ. இண்டைக்கு என்ட தங்கச்சிட புள்ளைட உசிரக் காப்பாத்தினீங்க" என்றாள் நிஸா. மனம் நிறைந்து பேச்சு தானாக வந்தது. "இனி இதுகள் ரெண்டும் பால்குடிச் சகோதரங்கள், தெரியுமா? எங்கட மார்க்கத்தில கூடப்பிறந்த மாதிரித்தான். இவ நடக்கப் பழகட்டும், இலங்கைத்துறைக்கு நானே கூட்டிக்கொண்டு வாறன். இந்தா பாரு உன்ட காக்கா, உன்ட அண்ணன் எண்டு காட்டுறன்."

கதிராமன் தலையைக் குனிந்துகொண்டான். "ஓம், வாங்கோ" என்ற கமலேஸ்வரி, தன் மடியில் இருந்த பிள்ளையின் உச்சியில் முகத்தைப் புதைத்தாள்.

மூதூர் ஜெட்டியில் அலை தூக்கி அடித்தது. வழக்கம்போல் முதலில் பெண்கள் லோஞ்சிலிருந்து ஜெட்டிக்கு ஏறினார்கள். கைக்குழந்தைகளைக் கீழே இருந்தவர்கள் கை மாற்றி மாற்றி மேலே கொடுத்தார்கள்; நிஸாவும் தங்கச்சியின் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். கதிராமன் மட்டும் யாரிடமும் கொடுக்காமல், பிள்ளையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பலகையில் கால் வைத்தான். லோஞ்சு ஒரு பக்கம் சாய்ந்தது. அவன் தடுமாறினான்.

"அல்லாஹ்!" என்று பாய்ந்த நிஸா, இடக்கையில் தங்கச்சியின் பிள்ளையோடு, வலக்கையால் அந்தப் பிள்ளையைப் பறித்து அணைத்துக்கொண்டாள். பெற்ற உதவிக்கு இவ்வளவாவது செய்யக் கிடைத்ததே என்று அவளுக்கு ஒரு சந்தோஷம்.

துவாய் விலகி, சின்னக் கன்னம் ஒன்று அவள் முழங்கையில் பட்டது.

இடக்கையில் இருந்த பிள்ளை வெதுவெதுப்பாக மூச்சு விட்டது. வலக்கையில் இருந்த பிள்ளை கல்லைப் போலக் குளிர்ந்து விறைத்திருந்தது.

கமலேஸ்வரி ஓடிவந்து அவள் காதருகே குனிந்தாள்.

"நேற்றுப் பின்னேரம் செத்துப்போனார் அக்கா. தெரிஞ்சால் லோஞ்சிலயும் ஏத்தமாட்டினம், பஸ்ஸிலயும் ஏத்தமாட்டினம். ஊரில கொண்டுபோய் அடக்கம் பண்ணவேணும். சொல்லிப்போடாதேங்கோ."

"என்ன தங்கச்சி, அந்தப் புள்ளைக்கு என்ன?" அலியார் கிட்ட வந்தார்.

நிஸா துவாயின் விளிம்பை இழுத்து அந்தச் சின்ன முகத்தை மூடினாள்.

"சத்தம் போடாதீங்க நானா, புள்ள நித்திரை. இவங்களுக்கு இலங்கைத்துறை பஸ்ஸில ஒரு சீட் பாத்துக் குடுங்க."