ஐந்தடிப் புல்வெட்டி

கடைக்குள் நுழையும்போதே இருவரும் சிரித்துக்கொண்டுதான் வந்தார்கள்.

மனிதர் கையில் துணி உலர்த்தும் கயிறு ஒன்று. அதில் இரண்டு முடிச்சுகள். தன்னுடைய சின்ன டிராக்டரின் பின்சக்கரங்களை, வெளியோரம் முதல் வெளியோரம் வரை, அந்தக் கயிற்றால் அளந்து எடுத்து வந்திருந்தார். டேப்பு எங்கே வைத்தோம் என்று மறந்துபோனதாம்.

கயிறு இழுத்தால் நீளும் என்று கூட வந்த அம்மா வழியெல்லாம் சொன்னாராம். நீளவே நீளாது என்று இவர் சத்தியம் செய்தாராம்.

கடைக்காரர் தன் டேப்பை எடுத்தார். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கயிற்றை இழுத்தபோது நாலடி இரண்டு அங்குலம். தளர விட்டபோது நாலடி. மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை கடைக்காரரும் சேர்ந்துகொண்டார்.

டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற சாமான்களை இருபத்திரண்டு வருஷமாக விற்கிறவர் அவர். புருஷன் பெண்டாட்டியாக வருகிறவர்களை வாசற்படியிலேயே எடை போட்டுவிடுவார். புருஷன் இரும்பைத் தட்டிப் பார்ப்பான். பெண்டாட்டி முடிவு சொல்வாள். ஆனால் அறுபது தாண்டியும் இப்படிக் கூத்தடிக்கிற ஜோடியை அவர் கண்டதில்லை. மனிதர் அந்த அம்மாவை ‘டீச்சர்’ என்று வேறு கூப்பிட்டார். வீட்டில் தினமும் பாடம் நடக்கும்போல என்று நினைத்துக்கொண்டார் கடைக்காரர்.

புல்வெட்டியில் புதரைச் சிதைக்கிற முரட்டு ரகம் வேண்டாம், புல்லைக் கம்பளம் மாதிரி சீவித் தருகிற ரகம்தான் வேண்டும் என்றார்கள். அதில் மூன்று இருந்தன. நாலடி, ஐந்தடி, ஆறடி.

மனிதர் நேரே ஆறடியிடம் போய் அதன் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

டிராக்டர் இருபத்தைந்து குதிரைத்திறன் என்றாலும், பின்னால் சுழலும் தண்டுக்கு வந்து சேர்வது இருபதுதான் என்று கடைக்காரர் எடுத்துச் சொன்னார். வெட்டுகிற அகலத்தில் அடிக்கு நாலு குதிரையாவது வேண்டும். அவர் சொல்லி வாயை மூடுவதற்குள் டீச்சர் வகுத்து முடித்து, ஐந்தடி என்றார். ஆறடியை மாட்டினால் மேட்டில் ஏறும்போது வண்டிக்கு மூச்சு வாங்கும் என்றார் கடைக்காரர். எனக்கும்தான் வாங்குகிறது, என்னை யாராவது வேண்டாம் என்றார்களா என்று கேட்டார் மனிதர்.

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

நாலடி ஏன் சரிப்படாது என்பதையும் கடைக்காரர் விளக்கினார். வெட்டுகிற அகலம் சக்கரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்புகிற இடத்திலெல்லாம் சக்கரம் புல்லை மிதித்துப் படுக்கவைத்துவிடும். கத்திக்கு எட்டாமல் கோடு கோடாக நிற்கும். ஐந்தடி என்றால் பக்கத்துக்கு அரையடி மிச்சம். கயிறு சொன்னது பொய்யாக இருந்தாலும் கவலையில்லை.

அப்போதுதான் மனிதர் கேட் விஷயத்தைச் சொன்னார்.

நடுவில் ஒரு வேலி. அதில் ஒரு சின்ன கேட், நாலரை அடி. அது வழியாகப் போய்த்தான் அந்தப் பக்கத்துப் புல்லையும் வெட்ட வேண்டும். ஐந்தடி அதில் நுழையாது.

சுற்றிக்கொண்டு போக வழியில்லையா என்றார் கடைக்காரர். ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் கல்சுவர். அப்படியானால் கேட்டின் தூணைக் கொஞ்சம் தள்ளி நட்டுவிடலாமே என்றார் கடைக்காரர்.

“அது என் கையில இல்லீங்க,” என்றார் மனிதர்.

நாலடியே போதும், கோடு விழுந்தால் விழட்டும் என்று சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். உள்ளே வந்ததிலிருந்து இப்போதுதான் அவர் சிரிக்காமல் பேசினார்.

டீச்சர் ஐந்தடியின் அருகே போய்க் குனிந்தார். அதன் மூலையில் இருந்த குட்டிச் சக்கரத்தை ஒரு விரலால் சுழற்றிவிட்டார். அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னொரு தடவை சுழற்றினார்.

“இதையே எடுத்துக்கலாம்,” என்றார்.

“கேட்டு, டீச்சர்...”

“வேலியையே எடுத்துடலாம்.”

மனிதர் பக்கத்தில் இருந்த நாலடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அதன் தகடு ‘டொம்’மென்றது. சுருட்டிய கயிறு மடியில் அவிழ்ந்து விழுந்தது.

சிக்கல் தீர்ந்ததில் கடைக்காரருக்குச் சந்தோஷம். ஆனாலும் நாளைக்கு இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு வந்து நிற்கக்கூடாதே என்று, பழகிய எச்சரிக்கையோடு ஒன்று கேட்டு வைத்தார். வேலியை எடுக்கப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சம்மதிக்க வேண்டாமா?

“பக்கத்து வீட்டுக்காரி நான்தான்,” என்றார் டீச்சர்.

கடைக்காரர் வாசற்படியில் எடை போட்டதெல்லாம் காற்றில் பறந்தது.

“இவர் ரெண்டு வருஷமா என்கிட்ட ஒரு கேள்வி கேட்டுட்டு இருக்கார். நானும் யோசிக்கிறேன், யோசிக்கிறேன்னு சொல்லிட்டு இருந்தேன்.”

முகமெல்லாம் சிவக்கச் சொன்னார். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர், பத்தாம் வகுப்புப் பிள்ளைபோல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மனிதருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. எது முதலில் என்று அவருக்கே தெரியவில்லை. எழுந்திருக்கக் கடைக்காரர் கை கொடுத்தார். அதை அவர் பார்க்கவில்லை.

“இன்னொரு தடவ சொல்லுங்க, டீச்சர்.”

டீச்சர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

“அஞ்சடி,” என்றார்.