மாறுவேடத்தில் ஓனர்

இந்த வயதில் வேலை தேடி வந்தவர் மாதிரி என்னமாய் நடிக்கிறார் என்று சஹானா மனதுக்குள் வியந்தாள். அம்மாவோடு போனில் தமிழில் பேசிக்கொண்டே அவள் இன்டர்வியூவுக்குக் காத்திருக்கும் அறைக்குள் நுழைந்ததுதான் தாமதம், அந்த நரைத்த தலைக்காரர் விருட்டென்று எழுந்துவிட்டார்.

“இப்படி உக்காருங்க மேடம். இங்கதான் ஃபேன் காத்து வரும்.”

அதுவும் தமிழில்! சஹானாவுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. “ஐயோ, நீங்க உக்காருங்க சார். நான் இப்படி ஓரமா உக்காந்துக்கறேன்.”

டாலிகஞ்ச் மெட்ரோவுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தச் சின்ன டேட்டா சயின்ஸ் கம்பெனி. எடுக்கப்போவது ஒரே ஓர் இன்டர்ன். அந்த இடம் கிடைக்காவிட்டால் சஹானா கொல்கத்தாவுக்கு டாட்டா சொல்ல வேண்டியதுதான். அப்பாவுக்கு நாக்பூருக்கு மாற்றல் ஆகிவிட்டது. வேலை கிடைத்தால் மட்டும் ஹாஸ்டலில் இருக்கலாம் என்று சொல்லியிருந்தார்.

நேற்று லேக் மார்க்கெட்டில் தோசை சாப்பிடும்போது தோழி வத்சலா ரகசியக் குரலில் சொன்னாள். “ஓனர் தமிழ்க்காரங்களாம்டி. வெப்சைட்ல போட்டோகூட கிடையாது. வர்றவங்களோட வர்றவங்களா வெளியிலயே உக்காந்து நோட்டம் விடுவாங்களாம். அங்க ஓகே ஆயிட்டா, உள்ள நடக்கற இன்டர்வியூ சும்மா கண்துடைப்பு. அங்க போற எல்லாரும் இதைத்தான் பேசிக்கறாங்க.”

அதனால்தான் இப்போது சஹானாவின் கண் நரைத்த தலையை விட்டு நகரவில்லை. அவர் பெயர் இராஜமாணிக்கமாம். வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்களாம், ஆன்லைனில் டேட்டா சயின்ஸ் படித்தாராம், இன்டர்ன் ஆனாலும் பரவாயில்லை என்று வந்திருக்கிறாராம். நல்ல கதை!

அறையில் இன்னொருவன் இருந்தான். அபினவ் என்ற அந்த வங்காளிப் பையன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மண்குவளையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். சஹானா அவனைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

தன் திறமையைக் காட்ட இதைவிட நல்ல நேரம் வராது. “சார், ஒரு டேட்டால கஸ்டமர் வயசு நிறைய இடத்துல காலியா இருக்குன்னு வைங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?”

இராஜமாணிக்கம் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். “சராசரி வயசைப் போட்டு நிரப்பிடலாம்ல மேடம்?”

“நிரப்பலாம். ஆனா ஏன் காலியா இருக்குன்னு முதல்ல பாக்கணும். வயசானவங்கதான் வயசைச் சொல்லாம விட்டிருந்தாங்கன்னா? சராசரி போட்டா எல்லாரையும் இளசாக்கிடுவோம்.”

அவர் தன் நரையைத் தடவிக்கொண்டே பெரிதாகச் சிரித்தார். அவ்வளவு சிரிக்க அதில் ஒன்றுமில்லை. “பிரமாதம் மேடம்! நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

அவர் கீழே போய் டீ வாங்கி வந்தார். அவள் தன் பையிலிருந்து முறுக்கை எடுத்து நீட்டினாள். அவருடைய புராஜெக்டை அவள் புகழ்ந்தாள். அவளுடையதை அவர் அதற்கு மேல் புகழ்ந்தார். பணிவிலும் என்ன பரீட்சை வைக்கிறார் மனிதர்!

உள்ளேயிருந்து ரிசப்ஷன் பெண் எட்டிப்பார்த்தாள். “யார் ஃபர்ஸ்ட் வர்றீங்க?” என்று இங்கிலீஷில் கேட்டாள்.

“சார் போகட்டும்,” என்றாள் சஹானா.

“சேச்சே, மேடம் இருக்கும்போது நானா?”

“வயசுல பெரியவங்க நீங்க. நீங்க போங்க சார்.”

“அதெல்லாம் முடியாது மேடம். நீங்க முதல்ல.”

அபினவ் ஹெட்போனைக் கழற்றிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “ஆப்னாரா ஜாபேன் நா?” என்று வங்காள மொழியில் கேட்டான், நீங்கள் போகப்போவதில்லையா என்று. இருவரும் ஒரே நேரத்தில் அவனைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவன் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனான்.

போனவன் சீக்கிரம் வரவில்லை. சஹானா கவலைப்படவும் இல்லை. உண்மையான இன்டர்வியூ வெளியில்தானே நடக்கிறது! அவள் இராஜமாணிக்கத்துக்கு லேப்டாப்பைத் திறந்து தன் வரைபடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

கதவு திறந்தது. அபினவ் வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தான். பின்னாலேயே வந்த ரிசப்ஷன் பெண், “சாரி, ஆள் எடுத்தாச்சு. நீங்க ரெண்டு பேரும் கிளம்பலாம்,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இராஜமாணிக்கம் கிளம்பவில்லை. சஹானாவும் கிளம்பவில்லை. ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசிக் கட்டப் பரீட்சை போலிருக்கிறது என்று நினைத்த சஹானாவுக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை.

“போதும் சார், நடிப்பு. நீங்கதான் ஓனர்னு எனக்கு வந்ததுமே தெரிஞ்சுபோச்சு. சொல்லுங்க, நான் எப்ப ஜாயின் பண்ணட்டும்?”

இராஜமாணிக்கத்தின் முகத்திலிருந்த புன்னகை மெல்ல வடிந்தது.

“அப்ப... ஓனர் நீங்க இல்லையா மேடம்?”