நடுவில் ஒரு நர்ஸ்

"ஐயோ மிஸி, என்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க! அங்க போனவங்களப் பைத்தியம்னுதானே சொல்வாங்க, என் சனமே என்னைச் சேர்த்துக்காது!"

செல்லாயி நர்ஸ் ஐவியின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். பயத்தில் வேர்த்து, நெற்றி விபூதி பாதி அழிந்திருந்தது.

"பேசாம உட்காருங்கக்கா. கேக்கிறதுக்குப் பதில் சொன்னா போதும்லா," என்றாள் ஐவி. அந்தக் குரலில் கோபமும் இல்லை, அன்பும் இல்லை.

மலேசியாவின் ஈப்போவில் செவ்வாய்க்கிழமைதோறும் நடக்கும் மனநோய் கிளினிக் அது. வருஷம் எழுபத்தாறு. டாக்டர் பர்மாக்காரர், வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அவருக்குத் தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது. தோட்டத்து ஆட்கள் சொல்வதையெல்லாம் ஐவிதான் இங்கிலீஸில் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை கூட்டமாட்டாள், குறைக்கமாட்டாள் என்று அவளுக்கு நல்ல பெயர்.

சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் கொடுத்தனுப்பிய கடிதத்தை டாக்டர் படித்தார். 'துரை பங்களாவில் சமையல் செய்தவள். துரை சீமைக்குப் போனபின் ரப்பர் மரம் சீவுகிறாள். ஒரு வாரமாக வேலைக்கு வருவதில்லை. தனியாகப் பேசுகிறாள்.'

விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓர் ஆள் வரவில்லை என்றால் ஒன்று காய்ச்சல், இல்லாவிட்டால் பைத்தியம். தோட்டத்து டிரசருக்கு மூன்றாவதாக ஒரு காரணம் தெரியாது.

"தூக்கம் எப்படி?" என்று டாக்டர் கேட்டார். ஐவி அதைத் தமிழில் கேட்டாள். செல்லாயி என்னவோ முணுமுணுத்தாள்.

"மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, டாக்டர்," என்றாள் ஐவி இங்கிலீஸில். "அப்புறம் விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதுதான்."

"சாப்பாடு?"

செல்லாயி ஒரே வார்த்தையில் பதில் சொன்னாள்.

"எதை வாயில் போட்டாலும் ருசியில்லை. காகிதத்தை மெல்லுகிற மாதிரி இருக்கிறது. சாப்பிடாவிட்டாலும் பசிப்பதில்லை."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "இத்தனைக்கும் அந்த ஒரு வார்த்தையா?"

"தோட்டத்துத் தமிழ் அப்படித்தான், டாக்டர்."

டாக்டர் சிரித்தார். ஐவி சிரிக்கவில்லை.

"அழுகை வருகிறதா?"

ஐவி கேட்டாள். செல்லாயி பதில் சொல்லாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுகை வருவதில்லை. பிள்ளையை அடக்கம் செய்த அன்றுகூட வரவில்லை. குளிப்பது, உடுத்துவது, ஞாயிறு பூசைக்குப் போய் முழங்காலில் நிற்பது எல்லாம் கைகாலே செய்துவிடுகிறது. உள்ளே ஒன்றுமே இல்லை, டாக்டர்."

டாக்டர் 'கடுமையான டிப்ரஷன்' என்று எழுதி அடிக்கோடு போட்டார். "இதைத் தள்ளிப்போடக் கூடாது. இன்றைக்கே தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம்," என்று அட்மிஷன் தாளை இழுத்தார்.

அவர் பேனாவை வைக்கும் முன் செல்லாயி அந்தத் தாளின்மேல் உள்ளங்கையை அழுத்தினாள்.

"நோ, டாக்டர்!"

துரைசானியிடம் பன்னிரண்டு வருஷம் பேசிய இங்கிலீஸ் தங்குதடையில்லாமல் வந்தது. "நான் கட்டை மாதிரித் தூங்குகிறேன். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். கங்காணி கெட்ட வார்த்தையில் திட்டினான், அதனால்தான் பெரட்டுக்குப் போகவில்லை. தனியாகவும் பேசவில்லை. என் ஆட்டுக்குட்டியிடம் பேசினேன்."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "இங்கிலீஸ் தெரிந்தும் இவ்வளவு நேரம் ஏன் சும்மா இருந்தீர்கள்?"

"எனக்கும் பயம்தான், டாக்டர். ஆனால் இந்த மிஸி சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை."

ஐவி அசையாமல் நின்றாள். என்ன நடந்தது என்று அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. செல்லாயி எழுந்து, அவள் தோளைப் பிடித்துத் தன் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"எத்தனை மாசமா தாயி, உனக்கு இப்படி இருக்கு?"