பாண்டோங் நிறம்

ராத்திரி பெய்த மழையில் முன்சுவர் பல்லை இளித்துவிட்டது.

போன தீபாவளிக்குப் பூசிய இளஞ்சிவப்புச் சுண்ணாம்பு கரைந்து ஒழுகியிருந்தது. அடியிலிருந்த சிவப்பு எழுத்துகள் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றன. கோகிலா வாசலுக்கு ஓடிவந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. அது என்ன சொல் என்று இன்றுவரை தெரியாது. கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று யாரிடமும் கேட்டதில்லை.

எழுதியது தம்பி பொன்னுதுரை. ரப்பர் ஆலைச் சங்கம், கூட்டம் என்று அலைந்த நாளில், லாரிக்கு அடிக்கிற எண்ணெய்ப் பெயின்டில் எழுதினான். வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் கொண்டுவந்ததும், முதலில் இதை மறை அக்கா, போலீஸ் பார்த்தால் உன்னையும் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்றும் அவனே சொன்னான். மறுநாளே அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளையடித்தாள். சிவப்பு மேலே வந்தது.

இன்னொரு பூச்சு அடித்தாள். அதையும் மீறி வந்தது, பிடிவாதத்தில் தம்பியேதான்.

கடைசியில் சுண்ணாம்பிலேயே காவியைக் கரைத்துவிட்டாள். சுவர் முழுக்கச் சிவந்திருந்தால் எழுத்து மட்டும் எப்படித் தனியாகத் தெரியும்?

ரோஜா சிராப்பில் பாலை ஊற்றிக் கலக்குகிற பாண்டோங் தண்ணீரைக் கொஞ்சம் மங்கலாக்கினாற்போல ஒரு நிறம் வந்தது. பக்கத்து வீட்டு மல்லிகா அதில் சொக்கிப்போய்த் தன் வீட்டுக்கும் அதையே அடித்தாள். அடுத்தடுத்த தீபாவளிகளில் காஜா பேராங் வட்டாரத்தில் அவள் வீடிருந்த சந்தே பாண்டோங் ஆகிவிட்டது. கோகிலாவுக்கு என்ன ரசனை என்று எல்லோரும் மெச்சினார்கள். அது பயத்தின் நிறம் என்று அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

இப்போது மெர்டேக்கா வருகிறது, நாட்டுக்குச் சுதந்திரம் என்று தெருவெல்லாம் தோரணம். வெள்ளைக்காரன் போனால் நாடு கடத்தப்பட்டவர்களைத் திரும்ப விடுவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. இந்த நேரத்தில் சுவர் காட்டிக்கொடுத்தால் தம்பி வருகிற வழி அடைந்துபோகும்.

அள்ளிப்போட்டுக் காவியைக் கரைத்தாள். மட்டையை முக்கி முதல் எழுத்தின் மேல் வைக்கப் போனபோது பின்னால் சைக்கிள் நின்றது.

போலீஸ்காரர். தமிழ்ப் பையன்தான், சின்ன வயசு.

கோகிலா முந்தானையை விரித்து மறைக்கப் பார்த்தாள். எழுத்து அவளைவிட அகலம்.

அவன் ஒரு காலைத் தரையில் ஊன்றி நிதானமாகப் படித்தான். பிறகு சிரித்தான்.

“ஏங்க்கா, மெர்டேக்கான்னு இவ்ளோ அழகா எழுதிட்டு, அது மேலயே பூசப் போறீங்க? அப்படியே விடுங்க லா.”

கோகிலா வாளிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இதுவா? காலையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்திக்கொண்டு போவது இதைத்தானே. போன வருஷம் சுதந்திர நாளை அறிவித்தபோது பண்டார் ஹிலிர் திடலில் கூட்டத்தோடு சேர்ந்து அவளும் தொண்டை கிழியக் கத்தினாளே. இதற்கா அவனைக் கப்பலேற்றினார்கள்?

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

போலீஸ்காரப் பையன் சைக்கிளை மிதிக்கப் போனான்.

“தம்பி,” என்றாள். “இன்னொரு தடவ படிங்க.”