ஏழாம் நம்பர் பெட்டி

தையல்காரர் தோட்டத்துக் கூட்டுப்பெட்டியில் சிட்டுக்குருவி மூன்றாம் முறையாக முட்டையிட்டது. பெட்டியை இலவசமாகக் கொடுத்த குருவிச் சங்கத் தலைவருக்கு, சங்க விதிப்படி தையல்காரர் அன்றே போன் போட்டார்.

"நாலு முட்டை, தலைவரே!"

"சபாஷ்! யாரையும் கிட்ட விடாதீங்க."

தலைவரே வந்து, ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் கூடு காலி. முந்தைய இரண்டு தடவையும் இதே கதைதான்.

"எதுவும் ஏறக்கூடாதுன்னு பெட்டிக் கம்பத்துக்குக் கிரீஸ் தடவி, தகரக் கூம்புகூட மாட்டியிருக்கேனே!"

"பக்கத்து வீட்டுல பூனை இருக்கில்ல? பாலுக்குப் பூனை காவலா இருக்குமா?" என்றார் தலைவர்.

தையல்காரர் பக்கத்து வீட்டு அக்காமேல் பாய்ந்தார். பத்து வருஷப் பழக்கம் பத்து நிமிஷத்தில் முறிந்தது.

"கண்ணால பாத்தியா தம்பி?" என்று அழுதபடியே, அக்கா பூனையைத் வெளியூர்த் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

மனசு விட்டுப்போன தையல்காரர், பெட்டியைக் கழற்றிக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனார்.

"எனக்கு இது ராசியில்லை, தலைவரே. சங்கத்துலேர்ந்து விலகிக்கிறேன்."

"அடடா! சரி, எழுதிக் குடுங்க. டிராயர்ல பேனா இருக்கும்," என்று சொல்லிவிட்டுத் தலைவர் காபி போடப் போனார்.

முதல் டிராயரில் பேனா இல்லை, பஞ்சு இருந்தது. பஞ்சின்மேல் வரிசை வரிசையாகக் குட்டி முட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு துளை, உள்ளே காலி. ஊசித் துளை தையல்காரருக்குத் தெரியாதா? கடைசி மூன்று வரிசைகளிலும் முத்து முத்தான கையெழுத்தில் ஒரே மாதிரி சீட்டு:

'பெட்டி ஏழு. நாலு முட்டை. தகவல்: தையல்காரர். நன்றி.'

தலைவர் காபியோடு வந்தபோது, தையல்காரர் தெருவில் செருப்புகூட இல்லாமல் போனோடு நின்றிருந்தார்.

"அக்கா, வெச்சிடாதீங்க... உங்க தங்கச்சி வீடு எங்க இருக்கு? பூனையை நானே போய்க் கூட்டிட்டு வரேன்."