கருப்பட்டி டப்பாவில் வந்தவர்கள்

தூத்துக்குடியிலிருந்து செவ்வாய்க் கிரகத்துக்குக் குடிபோன மூன்றாம் நாள், ஜெசிந்தா கருப்பட்டி டப்பாவைத் திறந்தாள். உள்ளே மொய்மொய்யென்று எறும்பு! நசுக்கப் போனவளை மகள் மெர்சி தடுத்தாள்.

"நம்ம ஊருக்காரங்கம்மா, கொல்லாதீங்க!"

அன்றிலிருந்து கண்ணாடிக் குடுவையில் எறும்பு வளர்ப்பதுதான் மெர்சிக்குப் பொழுதுபோக்கு. செவ்வாயிலேயே பிறந்த பிள்ளைகள் எறும்பைக் கண்டதே இல்லை. பள்ளிக்கூடமே வாசலில் வரிசைகட்டி நின்றது.

சேதி கேட்டுக் குடியேற்ற அதிகாரியும் வந்துவிட்டார். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று ஜெசிந்தா மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கையை நீட்டுங்க சார், கடிக்காது" என்றாள் மெர்சி.

விரலில் ஒன்று ஊர்ந்ததும் அதிகாரி சின்னப் பிள்ளையாகச் சிரித்தார். பிறகு படிவத்தை எடுத்து, குடியேறியோர் எண்ணிக்கையில் இருந்த 'இரண்டு' என்பதை அடித்தார்.

"மொத்தம் எத்தனை பேரும்மா?"

மகளை முந்திக்கொண்டு ஜெசிந்தா நிமிர்ந்து சொன்னாள்: "எங்களோட சேத்து நாப்பத்திமூணு சார். காலையிலதான் எண்ணுனேன்."