புளி தேய்த்த முகம்

கூனிமேட்டுப் பழம்பொருள் கடையின் மேசையில், சேவியர் விற்கக் கொண்டுவந்த பிரெஞ்சுக் கடிகாரம் நிற்கிறது. உப்பளத்து வெயில் வாசல் வழியாக அதன்மேல் விழுகிறது. கடிகாரத்தின் மேலே சாய்ந்திருக்கும் பெண் சிலையின் அங்கியிலும் திராட்சைக் கொடியிலும் பொன்முலாம் மின்னுகிறது. முகத்தில் மட்டும் முலாம் போய்ப் பித்தளை தெரிகிறது. கடைக்காரர் ஹபீப் பாய் கட்டைவிரலால் அதைத் தடவுகிறார். “யாருப்பா புளி போட்டுத் தேய்ச்சது? குத்துவெளக்குன்னு நெனச்சிட்டாங்களா?” “என் சம்சாரம் பாய். மாதான்னு நெனச்சி, சனிக்கிழமையானா முகத்த மட்டும் தேய்ப்பா.” “வெலையே போச்சேப்பா. இனிமே தொட வேணாம்னு சொல்லு.” “தொட மாட்டா பாய்.” போன டிசம்பரில் கடல் கொண்டுபோனவளின் விரல் தேய்த்த இடத்தில் சேவியர் தன் விரலை வைக்கிறான். பித்தளை வெயிலில் சுடுகிறது. சுற்றிக் கொண்டுவந்த துண்டை விரித்து, கடிகாரத்தை மறுபடி அதில் சுற்றத் தொடங்குகிறான்.